புதுக் குழல் மாற்றிய அன்று வந்த கொப்புளம்

தென் மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு தோல் மருத்துவர் எழுதியிருக்கிறார். ஊர், பெயர், மருத்துவமனை எல்லாவற்றையும் நீக்கிவிட்டுக் கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

வயது 36. எம்.டி. முடித்து ஏழு ஆண்டுகளாகத் தனியார் மருத்துவமனை ஒன்றில் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறார். வெண்புள்ளி நோயாளிகளுக்கு ஒளி சிகிச்சை கொடுப்பது அவருடைய பிரிவு. வாரம் மூன்று நாள் இரண்டு பஸ் மாறி வந்துகொண்டிருந்த ஒரு பள்ளிச் சிறுமி, நாலாவது வாரத்தோடு நின்றுவிட்டாள். அது மனதில் கிடந்து உறுத்த, வீட்டிலேயே வைத்துக்கொள்ளும்படி ஒரு கையடக்கக் கருவியைச் செய்திருக்கிறார். 9 வாட் புற ஊதா குழல், சீப்பு மாதிரி ஒரு முகப்பு, வைத்த நொடி முடிந்ததும் தானே அணையும் டைமர். சர்க்யூட்டைப் போட்டுக் கொடுத்தது சித்தி மகன்.

முதலில் தன் முன்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு மூன்று நோயாளிகளிடம் வாய்மொழியாகச் சம்மதம் கேட்டு, காசு வாங்காமல் பயன்படுத்தினார். இரண்டு பேருக்கு நிறம் திரும்பத் தொடங்கியிருக்கிறது. மூன்றாமவருக்கு, புதுக் குழல் மாற்றிய அன்று கொடுத்த சிகிச்சையில் கொப்புளம். 'ஒளி சிகிச்சையில் இது சகஜம்தானே' என்று ஒரே வரியில் அதைத் தாண்டிவிடுகிறார். அடுத்த மாதம் ஒரு மருத்துவ மாநாட்டில் இந்த முடிவுகளைப் போஸ்டராக வைக்க எண்ணம். கருவி தங்கள் பெயரில்தான் வர வேண்டும் என்கிறார் மருத்துவமனை நிர்வாகி. மாமனாரோ, கடன் வாங்கி முடி நீக்கும் டயோடு லேசர் ஒன்று வாங்கிச் சொந்த கிளினிக் போடச் சொல்கிறார். இவருக்கு வேலையை விட்டுவிட்டு முழு நேரமும் கருவி செய்ய ஆசை. 'அமெரிக்காவின் ராக்ஸ் ஆண்டர்சன் மாதிரி ஒரே ஒரு கண்டுபிடிப்பு போதும் சார், வாழ்க்கை செட்டில்' என்று முடித்திருக்கிறார். (ஆண்டர்சன், தோலுக்கான லேசர் சிகிச்சைகளுக்கு வழி போட்ட தோல் மருத்துவர்.)

டாக்டர், உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்தது அந்தச் சிறுமியைப் பற்றிய வரி. தூக்கிவாரிப் போட்டது கொப்புளத்தைப் பற்றிய வரி. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அந்தக் கொப்புளம் சகஜமில்லை

நீங்கள் டைமரை நொடியில் வைத்திருக்கிறீர்கள். தோலுக்கு நொடி தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் எவ்வளவு ஒளி வந்து விழுந்தது என்பதுதான். ஒரு கணக்குக்காக, உங்கள் பழைய குழல் சதுர சென்டிமீட்டருக்கு 4 மில்லிவாட் கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். 100 நொடி வைத்தால் 400 மில்லிஜூல்; தோலில் விழுந்த ஒளியின் மொத்த அளவு அதுதான். குழல் உழைக்க உழைக்க ஒளி மங்கும். நீங்களும் அதற்கேற்ப நொடியைக் கூட்டிக்கொண்டே வந்திருப்பீர்கள். புதுக் குழல் 7 மில்லிவாட் தருகிறது என்றால், அதே 100 நொடியில் 700 மில்லிஜூல். வெண்புள்ளிக்கு 200 மில்லிஜூலில் தொடங்கி, தோல் தாங்குவதைப் பார்த்து ஒவ்வொரு தடவையும் 10 அல்லது 20 சதவீதம் கூட்டுகிறோம். அந்த நோயாளிக்கு ஒரே தாவலில் 75 சதவீதம் கூடியிருக்கும். கொப்புளம் வராமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

மருத்துவமனையில் இருக்கும் பெரிய பெட்டிக்கு மீட்டர் வைத்து அளக்கிறோம், குழல் மாற்றினால் அளவைத் திருத்துகிறோம். வீட்டில் யார் அளப்பார்கள்? நோயாளியின் அம்மா கடையில் குழல் வாங்கி மாட்டுவார், சீட்டில் எழுதியிருக்கும் நொடியை வைப்பார், அவ்வளவுதான். சீப்பின் பல் ஒன்று உடைந்து முகப்பு தோலுக்கு இன்னும் நெருங்கிவிட்டால் அதுவும் கணக்கை மாற்றும்.

முன்கையில் வைத்துப் பார்த்தேன் என்கிறீர்கள். நம் முன்கையில் தோலைக் காக்கும் மெலனின் நிறமி இருக்கிறது. வெண்புள்ளியில் இல்லை. உங்கள் கை தாங்கியது அந்த வெள்ளைத் திட்டும் தாங்கும் என்பதற்குச் சாட்சி ஆகாது. இது உங்களுக்குத் தெரியாததில்லை. நாமே செய்த கருவி என்றால் கண் கொஞ்சம் மறைக்கும்.

எனக்கும் மறைத்திருக்கிறது. நான் முதன்முதலில் வெளிநாட்டு ஐ.பி.எல். இயந்திரம் (பளிச்சென்ற ஒளித் துடிப்பால் முடி நீக்குவது) ஒன்றைத் தொட்ட காலத்தில், கூடவே வந்த அட்டையில் இருந்த அளவை அப்படியே வைத்து ஒரு கல்யாணப் பெண்ணின் முன்கையில் முடி நீக்கினேன். இரண்டு நாள் கழித்து, ஹேண்ட்பீஸின் முனை எந்த வடிவமோ அதே வடிவத்தில் வரிசையாகச் செவ்வகக் கருமை. ரப்பர் ஸ்டாம்பு குத்தின மாதிரி. எட்டு மாதம் ஆனது மறைய. கல்யாண ஆல்பம் முழுக்க முழுக்கை ரவிக்கை. அட்டையில் இருந்த அளவு யாருடைய தோலுக்கானது என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. வெயிலைத் தோல் எப்படித் தாங்குகிறது என்று பிரித்து நாம் தினமும் எழுதும் ஃபிட்ஸ்பாட்ரிக் தோல் வகையே 1975-ல் பாஸ்டனில், தோலில் ஒளியின் வேலையைக் கூட்டும் சோராலென் மருந்தைக் கொடுத்துப் புற ஊதா ஒளி காட்டும் சிகிச்சைக்காக, வெள்ளைத் தோலுக்கு அளவு குறிக்க வந்ததுதான். பழுப்பும் கருப்பும் பிறகுதான் சேர்ந்தன.

அதனால் கருவியை இன்றைக்கே அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். நாலாவது நோயாளி வேண்டாம். காசு வாங்கவில்லை என்பதும், சம்மதித்தார்கள் என்பதும் சட்டத்தின் முன் நிற்காது. 2017-ம் ஆண்டின் மருத்துவக் கருவி விதிகளின்படி, சோதனைக்காகச் சிறிய அளவில் செய்வதற்கே எம்.டி-13 என்ற உரிமம் உண்டு. மனிதர்களிடம் புதுக் கருவியைச் சோதிக்க மத்திய மருந்து தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி, பதிவு பெற்ற நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், நோயாளிக்குப் புரியும் மொழியில் எழுத்துபூர்வச் சம்மதம், பாதிப்பு வந்தால் சிகிச்சையும் இழப்பீடும் என்று எல்லாம் வேண்டும். உங்கள் தொழில்முறைக் காப்பீட்டுப் பாலிசியையும் ஒருமுறை எடுத்துப் படியுங்கள். வீட்டில் செய்த கருவியால் வந்த கொப்புளத்துக்கு அது துணை வருமா என்று பாருங்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு இன்னொன்றும் சொல்ல வேண்டும். கையடக்க விளக்கு ஏற்கெனவே விற்பனையில் இருக்கிறது. சீப்பு முகப்பும் டைமரும் வைத்தவையும் உண்டு. நீங்கள் கண்டுபிடித்ததாக நினைப்பது புதிதில்லை. ஆனால் அந்தக் கொப்புளம் ஒரு கேள்வி கேட்கிறது: குழல் பழையதோ புதியதோ, ஒரு சின்ன சென்சார் விழும் ஒளியை அந்த இடத்திலேயே அளந்து, மருத்துவர் குறித்த மில்லிஜூல் சேர்ந்ததும் தானே அணைந்து, அடுத்த முறை நாள் வரும்வரை எரியாமல் பூட்டிக்கொண்டால்? அதுவும் நூறு ரூபாய் மின்சாரமும் மாதக் கூலியும் கணக்குப் பார்க்கும் வீட்டுக்குக் கட்டுப்படியாகும் விலையில்? நீங்கள் ஒரு வரியில் தாண்டிய இடத்தில்தான் உங்கள் வேலை இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

'ஒரே ஒரு கண்டுபிடிப்பு'

ஆண்டர்சன் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் நீங்கள் அதைப் பாதிதான் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

எழுபதுகளில், முகத்தில் சிவந்த மச்சத்தோடு பிறந்த குழந்தைகளுக்கு ஆர்கான் லேசர் கொடுத்தார்கள். சிவப்பு குறைந்தது, பல பேருக்குத் தழும்பு மிஞ்சியது. ரத்தக் குழாயைச் சுட வேண்டிய வெப்பம் சுற்றியிருந்த தோலையும் சுட்டது. பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஜான் பாரிஷும் ராக்ஸ் ஆண்டர்சனும் 1983-ல் 'சயன்ஸ்' இதழில் சொன்ன பதில் எளிமையானது. ரத்தம் நன்றாக உறிஞ்சும் நிறத்தில் ஒளியைத் தேர்ந்தெடு; அந்தக் குழாய் சூட்டை வெளியே விடுவதற்குள் ஒளியை நிறுத்து. ஓட்டைக் குடத்தில் ஒழுகுவதைவிட வேகமாகத் தண்ணீரை ஊற்றினால் குடம் நிறையும், தரை அவ்வளவாக நனையாது; அந்த மாதிரி. அப்போது ஆண்டர்சன் இன்னும் எம்.டி. பட்டம்கூட வாங்கவில்லை, அது அடுத்த ஆண்டுதான். ஆனால் பக்கத்தில் நின்ற பாரிஷ், 1974-லேயே சோரியாசிஸுக்கு சோராலென் மாத்திரையும் புற ஊதா ஒளியும் கொடுத்துக் காட்டிய குழுவில் முதல் பெயர். (சோராலென் நமக்கு ஒன்றும் புதிதில்லை. கார்போகி அரிசியை அரைத்துப் பூசி வெயிலில் உட்காரச் சொன்னவர்கள் நம் ஊரில் உண்டு. அதிலும் கொப்புளம் வந்தது.)

பிறகு வந்தவற்றைப் பாருங்கள். லேசர் முடி நீக்கத்துக்கு அடிப்படையான ஆய்வு 1996. தோலை முழுக்கச் சுடாமல் ஊசி ஊசியாகச் சுட்டு ஆற விடும் ஃபிராக்‌ஷனல் முறை 2004. குளிரூட்டிக் கொழுப்பைக் கரைக்கும் முறை 2008. முதலிலிருந்து கடைசி வரை 25 ஆண்டுகள். எந்தக் கட்டுரையிலும் அவர் பெயர் மட்டும் தனியாக இல்லை. கடைசி இரண்டிலும் உடன் வேலை செய்த டீட்டர் மான்ஸ்டைன் பெயர்தான் முதலில் நிற்கிறது. கொழுப்பு கரைக்கும் யோசனைக்கு ஒரு முன்கதை உண்டு: குச்சி ஐஸ் வாயில் வைத்துச் சப்பும் குழந்தைகளுக்குக் கன்னத்துக் கொழுப்பு வீங்கிப் பிறகு குழி விழுவதை 1970-லேயே இரண்டு மருத்துவர்கள் எழுதிவைத்திருந்தார்கள். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்துத்தான் அது கருவியானது.

'செட்டில்' விஷயம். முடி நீக்கும் லேசருக்கான காப்புரிமை அந்த மருத்துவமனையிடம் இருந்தது. அது ஒரு நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்தது. போட்டி நிறுவனங்களோடு வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. கண்டுபிடித்தவருக்குப் பங்கு உண்டு, ஆனால் லாட்டரி விழுந்த மாதிரி இல்லை. இன்னொன்று: கொழுப்பு உறைய வைக்கும் கருவிக்கு அமெரிக்காவில் 2010-ல் அனுமதி கிடைத்தது. 2014-ல் தோல் மருத்துவர்களே ஒரு சிக்கலை எழுதினார்கள்: சிலருக்குக் கரைய வேண்டிய கொழுப்பு, கருவி வைத்த வடிவத்திலேயே மேடாக வளர்ந்து நின்றது. கருவி கடைக்குப் போன பிறகும் இப்படி வருவதை எண்ணிக்கொண்டிருக்க வேண்டிய தொழில் இது. முதல் கொப்புளத்தையே 'சகஜம்' என்று சொல்பவருக்கு இது கொஞ்சம் கஷ்டம். கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

ஆண்டர்சன் கிளினிக்கை விட்டுவிட்டு இதைச் செய்யவில்லை என்பதையும் கவனியுங்கள். அவர் தோல் மருத்துவராகவே இருந்தார். கேள்விகள் அங்கேதானே கிடைக்கின்றன.

போஸ்டர், காப்புரிமை, சித்தி மகன்

நான் வக்கீல் இல்லை. காப்புரிமை முகவர் ஒருவரைப் பார்க்கத்தான் வேண்டும். பார்க்கப் போகும்போது வெறுங்கையோடு போகாமலிருக்க, தெரிந்ததைச் சொல்கிறேன்.

போஸ்டர் வைத்த பிறகு பதிவு செய்யலாம் என்று எண்ணாதீர்கள். கற்றறிந்தோர் சபையில் வாசித்த கட்டுரைக்கு நம் சட்டத்தில் 12 மாதச் சலுகை இருக்கிறது என்பது உண்மை. ஆனால் அது குறுகலான சந்து, அதில் வண்டியைத் திருப்ப முடியாது. ஐரோப்பாவில் வெளியே சொன்னால் புதுமை போயிற்று. முதலில் தற்காலிக விவரக்குறிப்போடு ஒரு விண்ணப்பம் போட்டுவிடுங்கள். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு கிண்டியில் உள்ள சென்னை காப்புரிமை அலுவலகம். தனிநபர் இணையம் வழியாகப் போட்டால் விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய்தான். முகவர் கூலி தனி. முழு விவரத்தைக் கொடுக்க 12 மாதம் கிடைக்கும். சென்சார் யோசனை ஓர் உருவத்துக்கு வராவிட்டால் இந்த ஆண்டு போஸ்டரே வேண்டாம். மாநாடு அடுத்த ஆண்டும் நடக்கும். தவிர, அனுமதியில்லாமல் மூன்று நோயாளிகளிடம் செய்ததை போஸ்டராக ஒட்டுவது நாமே வாக்குமூலம் எழுதிக் கொடுப்பது மாதிரி.

சிகிச்சை முறைக்கு இந்தியாவில் காப்புரிமை கிடையாது, சட்டத்தின் 3(i) பிரிவு அதை விலக்குகிறது. கருவிக்குக் கிடைக்கும். எனவே 'வெண்புள்ளிக்கு இப்படி ஒளி கொடுக்கும் முறை' என்று எழுதாமல், கருவியின் உள்ளமைப்பை எழுதச் சொல்லுங்கள்.

சித்தி மகனை 'சும்மா சர்க்யூட் போட்டுத் தந்தான்' என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் வரைந்து கொடுத்ததை அவர் அப்படியே பற்றவைத்தாரா, எப்படி அணைய வேண்டும் என்பதை அவரே யோசித்தாரா? இரண்டாவது என்றால் அவரும் கண்டுபிடித்தவர். பெயரை விட்டால் காப்புரிமையே பின்னால் ஆட்டம் காணும். சேர்த்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை இருவருக்கும் சம பங்கு; ஒருவர் சம்மதம் இல்லாமல் மற்றவர் யாருக்கும் உரிமம் கொடுக்க முடியாது. குடும்பத்துக்குள் இதைப் பேசச் சங்கடமாக இருக்கும். பணம் ஒன்றும் வராத இந்த நாளில் ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவது எளிது. வந்த பிறகு தீபாவளிக்குக்கூடப் பேச்சுவார்த்தை இருக்காது.

நிர்வாகி கேட்பது பாதி நியாயம். காப்புரிமைச் சட்டம் முதலாளி என்பதற்காக மட்டும் யாருக்கும் உரிமை தருவதில்லை, ஒப்பந்தம்தான் பேசும். உங்கள் நியமனக் கடிதத்தை எடுத்து, கண்டுபிடிப்பு பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் குழல் அவர்களுடையது, நோயாளிகள் அவர்களுடையவர்கள், பணி நேரம் அவர்களுடையது என்றால் அவர்கள் வாதத்துக்கும் கால் முளைக்கும். உரிமையில் பங்கு கொடுக்கலாம். கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் மட்டும், அறை கொடுத்தவர் பெயரை எழுத வேண்டியதில்லை.

வேலையை விடலாமா?

வேண்டாம். இப்போது வேண்டாம்.

மாமனார் சொல்வதையும் நான் ஒதுக்கவில்லை. அவர் பார்க்கும் உலகில் டயோடு லேசர் என்பது மாதாமாதம் காசு கொண்டுவரும் பெட்டி. ஆனால் அந்தப் பெட்டியின் தவணையைக் கட்ட, தேவையில்லாதவர்களுக்கும் 'ஆறு சிட்டிங் எடுத்துக்கோங்க' என்று சொல்ல வேண்டிவரும் நாள் ஒன்று வரும். அது உங்களுக்கு ஒத்துவராது என்று உங்கள் கடிதமே சொல்கிறது.

நடுவழி இருக்கிறது. சம்பளம் தொடரட்டும், வாரத்தில் ஒரு நாளை எழுத்துபூர்வமாக விடுவித்துக் கேளுங்கள். மருத்துவமனைக்கு உரிமையில் பங்கு கொடுக்க நீங்கள் தயார் என்றால், அதற்கு ஈடாக இதைக் கேட்கலாம். கூடவே, கருவி செய்து பழகிய இடம் ஒன்றோடு சேருங்கள். சென்னையில் ஐ.ஐ.டி.யின் உடல்நலத் தொழில்நுட்பக் கண்டுபிடிப்பு மையம் இருக்கிறது. உங்களுக்கு இன்னும் கிட்டே, திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம். அங்கே செய்த இதய வால்வு பல வடிவங்கள் தோற்றுப்போய், 1990 டிசம்பரில்தான் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. தோற்ற வடிவங்களை எப்படிப் பதிவு செய்து வைப்பது என்பதை அந்த மாதிரி இடங்களில்தான் கற்றுக்கொள்ள முடியும். பணத்துக்கு, உயிரித் தொழில்நுட்பத்துக்கான மத்திய அரசின் பைராக் அமைப்பு தரும் 'பிக்' உதவித்தொகை 50 லட்சம் ரூபாய் வரை. போட்டி கடுமை. விண்ணப்பத்தை எழுதிப் பார்ப்பதே உங்கள் யோசனையில் எங்கே ஓட்டை என்று காட்டிவிடும்.

இரண்டு ஆண்டு இப்படி ஓட்டிப் பாருங்கள். அளந்து அணையும் ஒரு மாதிரிக் கருவி மேசையில் நின்று, பத்துப் பழைய குழலும் பத்துப் புதுக் குழலும் மாற்றி மாற்றி மாட்டினாலும் ஒரே அளவு ஒளி தருகிறது என்று மீட்டர் காட்டினால், அப்போது எனக்கு மறுபடி எழுதுங்கள். வேலையை விடுவது பற்றி அன்றைக்குப் பேசலாம்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இரண்டு. அந்த மூன்றாவது நோயாளியை நீங்களே போன் செய்து வரச் சொல்லுங்கள். புண் ஆறியிருக்கிறதா என்று பாருங்கள், படம் எடுங்கள், நடந்ததை மறைக்காமல் சொல்லி கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். வெண்புள்ளியில் காயம் பட்ட இடத்தில் புதுத் திட்டு கிளம்பலாம் என்பதால் சில மாதம் கண்காணிக்க வேண்டும். அவருக்கு ஆகும் செலவு உங்களுடையது.

அப்புறம் அந்தச் சிறுமி. உங்கள் கருவி வரும்வரை அவள் காத்திருக்க வேண்டியதில்லை. அவள் ஊருக்குப் பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரியின் தோல் பிரிவில் ஒளி சிகிச்சை இருக்கிறதா, பள்ளி விட்ட பிறகு எடுத்துக்கொள்ள முடியுமா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். திட்டுகள் சின்னதாக இருந்தால் டாக்ரோலிமஸ் களிம்போடு காலை வெயில் கொஞ்சநேரம் போதுமா என்றும் பாருங்கள். அவள் அப்பாவின் எண் ஓ.பி. பதிவேட்டில் இருக்கும்.